காற்றுப்பையா, இரும்பு ஸ்பிறிங்கா?

போன கிழமை என் பழைய மாணவர் ஒருவர் போன் எடுத்தார். "சேர், உங்கட காரில காற்றுச் சஸ்பென்ஷனைக் கழட்டிப்போட்டு இரும்பு ஸ்பிறிங் போட்டனீங்களாமே? என்னட்டையும் ஒரு பழைய லிங்கன் ரவுண்கார் நிக்குது. விடிய எழும்பிப் பார்த்தா பின்பக்கம் நிலத்தோட கிடக்குது. என்ன செய்யிறது?"

இதே கேள்வியை இந்த இரண்டு வருடத்தில் நான்கைந்து பேர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக் களைத்துப்போனேன். அதனால் எல்லாருக்குமாக இங்கே எழுதுகிறேன். பதிவு நீளமானது. நாற்பது நிமிடப் பாடத்துக்குப் பழகியவன் நான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று. நான் மெக்கானிக் இல்லை. யாழ்ப்பாணத்தில் பௌதிகவியல் படிப்பித்தவன். இப்போது ஸ்காபரோவில் மனைவியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய்வரும் டிறைவர். இதில் எழுதுவது என் காரில் நடந்ததும், அதில் நான் படித்ததும், அதனால் எனக்கு வந்த கருத்தும்தான்.

கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பத்துப் பன்னிரண்டு வயது தாண்டிய காரில், காற்றுச் சஸ்பென்ஷன் முழுவதுமாகக் களைத்துப்போய்விட்டது என்றால், இரும்பு ஸ்பிறிங்குக்கு மாறுவதில் எந்த வெட்கமும் இல்லை. ஆனால் களைத்தது எது என்று கண்டுபிடிக்காமல் மாறக்கூடாது. கண்டுபிடிக்காமல் கொம்பிறசரை மாற்றுவது அதைவிட மோசம். அந்தப் பிழையை நான் காசு கொடுத்துச் செய்தவன்.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

என் கார் 2009ஆம் ஆண்டு ரவுண்கார். பியர்சன் விமான நிலையத்துக்கு லிமோசின் ஓடிய ஒரு நண்பரிடம் வாங்கியது. ஓட்டம் கூடத்தான். ஆனால் மனைவிக்கு அந்த ஆசனம் பிடித்துவிட்டது. முழங்கால் நோகாமல் ஏறலாம், இறங்கலாம். அவவுக்குச் சிறுநீரகம் பழுதாகி, கிழமைக்கு மூன்று நாள் டயலிசிஸ் தொடங்கியபிறகு அந்தக் கார்தான் எங்களுக்குக் கை, கால். டயலிசிஸ் முடிந்து வரும்போது உடம்பு அடித்துப் போட்டதுபோல இருக்கும். வீதியில் ஒரு சின்னப் பள்ளம் விழுந்தாலும் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வா. அந்தக் காரில் அது குறைவு. பின்னுக்குக் காற்றில் மிதப்பதுபோல வரும்.

ஒரு தை மாத விடியற்காலை, மைனஸ் 22 பாகை. ஐந்தரை மணிக்குக் காரைச் சூடாக்க வெளியே போனேன். காரின் பின்பக்கம் முழங்காலில் நிற்கும் மாடு மாதிரிப் பதிந்து கிடந்தது. ரயருக்கும் மேல் விளிம்புக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைய இடமில்லை. எஞ்சினை இயக்கினேன். வழமையாக ஓடும் கொம்பிறசர் ஓடி ஓடிப் பார்த்தது, கார் எழும்பவில்லை. கொஞ்ச நேரத்தில் எச்சரிக்கை விளக்கு வந்தது. ராக்சி பிடித்துப் போய்ச் சேர நாற்பது நிமிடம் பிந்தியது. அவவுக்குப் பின்னால் அதே கதிரைக்கு இன்னொருவர் காத்திருப்பார். பிந்தினால் எங்கள் நேரம்தான் குறையும். அன்றைக்கு அரை மணித்தியாலம் குறைந்தது. இரண்டு நாள் கால் வீங்கிக் கிடந்தா.

இதைப் பரிதாபத்துக்காக எழுதவில்லை. காரின் சஸ்பென்ஷனைப் பற்றிக் கதைப்பவர்கள் சொகுசு, கௌரவம் என்றுதான் கதைப்பார்கள். எனக்கு அது விடிய ஐந்தரை மணிக்குக் கார் நிமிர்ந்து நிற்குமா இல்லையா என்ற கேள்வி.

இந்தச் சாமான் எப்படி வேலை செய்கிறது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். விளங்கினால்தான் கராஜில் நாலு கேள்வி கேட்கலாம்.

ரவுண்காரில் முன்பக்கம் சாதாரண இரும்பு ஸ்பிறிங்தான். பின்பக்கம் மட்டும், இரும்பு ஸ்பிறிங் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு ரப்பர்க் காற்றுப்பைகள் இருக்கும். விபத்தில் விரிந்து முகத்தைக் காப்பாற்றும் பையோடு இதைக் குழப்பவேண்டாம், அது வேறு. இந்தப் பைகளுக்குக் காற்றடிக்க எஞ்சின் பக்கம் ஒரு சிறிய மின்சாரக் கொம்பிறசர். பை ஒவ்வொன்றின் வாயிலும் மின்சாரத்தில் திறந்து மூடும் ஒரு சொலனொயிட் வால்வு, அதில் காற்று கசியாமல் இருக்கச் சின்ன ரப்பர் வளையங்கள். பின் அக்சில் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பார்த்துச் சொல்ல ஓர் உயர உணரி. எல்லாவற்றையும் கேட்டு முடிவெடுக்க ஒரு கணினிப் பெட்டி. டிக்கியில் பாரம் ஏற்றினால் கார் பதியும், உணரி சொல்லும், கொம்பிறசர் காற்றடிக்கும், கார் பழைய மட்டத்துக்கு வரும். பாரம் இறக்கினால் வால்வு திறந்து காற்றை வெளியே விடும்.

கெட்டித்தனமான ஏற்பாடு. விற்றராசு ஞாபகம் இருக்கிறதா? கொக்கியில் எவ்வளவு தூக்குகிறோமோ அவ்வளவுக்கு நீளும். ஊக்கின் விதி. இரும்பு ஸ்பிறிங் அப்படித்தான், பாரத்துக்கு ஏற்றபடி பதியும். அதனால் அதைச் செய்பவர் ஒரு நடுத்தரப் பாரத்தை நினைத்துச் செய்யவேண்டும். வெறுங்காராக ஓடும்போது கொஞ்சம் விறைப்பாக இருக்கும், நிறையப் பாரம் ஏற்றினால் வால் பதியும். காற்றுப்பைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பாரம் கூடினால் உள்ளே அமுக்கம் கூடும், அமுக்கத்தோடு விறைப்பும் கூடும். வெறுமையிலும் நிறைவிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஆடும். பௌதிகத்தில் பார்த்தால் காற்றுப்பைதான் கெட்டிக்காரன். அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் அந்தக் கெட்டிக்காரனுக்கு ரப்பர் உடம்பு. கார் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் பை ஒரே இடத்தில் மடிந்து விரிகிறது. வருடக்கணக்கில் மடிந்த இடம் வெடிக்கும். கனடாவில் அதற்கு மேல் வீதி உப்பு, மணல், குளிர். குளிரில் ரப்பர் வளையம் விறைத்துச் சுருங்கும். காற்றும் சுருங்கும். சின்னக் கணக்கு ஒன்று: 20 பாகையில் அடைத்த காற்றை மைனஸ் 20 பாகைக்குக் கொண்டுபோனால், தனி வெப்பநிலையில் 293இலிருந்து 253. அமுக்கம் ஏறக்குறைய நூற்றுக்குப் பதினான்கு குறையும். ஓட்டை இல்லாத பையே குளிர் இரவில் கொஞ்சம் பதியலாம். ஓட்டைப் பை படுத்தேவிடும். அதனால்தான் இந்த முறைப்பாடுகள் எல்லாம் தை, மாசியில் வருகின்றன. பன்னிரண்டு, பதின்மூன்று வின்ரர் கண்ட ரப்பர் வெடிப்பதற்குக் காரைச் செய்தவர்களைக் குறை சொல்ல முடியாது. ரப்பரின் வயது அவ்வளவுதான்.

இனி என் பிழை.

முதலில் போன கராஜில் மூடியைத் திறந்து, கொம்பிறசரைத் தொட்டுப் பார்த்து, "இது எரிஞ்சு போச்சு" என்றார்கள். உண்மைதான், எரிந்திருந்தது. புதுக் கொம்பிறசர், கூலி எல்லாம் சேர்த்து 640 டொலர். கார் எழும்பியது. எனக்குச் சந்தோசம். ஆனால் நிறுத்தி வைத்தால் நாலைந்து மணித்தியாலத்தில் இடப்பக்கம் மெல்லச் சாயும். கேட்டேன். "பழைய கார்தானே, அப்பிடித்தான் இருக்கும்" என்றார்கள். மூன்று மாதத்தில் புதுக் கொம்பிறசரும் எரிந்தது.

எங்கள் ஊரில் துலாவில் தண்ணீர் அள்ளியவர்களுக்கு இது உடனே விளங்கும். வாளி ஓட்டை. மேலே வரும்போது பாதித் தண்ணீர் கிணற்றுக்குள்ளேயே ஒழுகிவிடும். அள்ளுகிறவன் களைத்து விழுந்தால், வேறு ஒரு பலசாலியைக் கொண்டுவந்து துலாவில் நிறுத்தி என்ன பயன்? கொம்பிறசர் இடைக்கிடை சில விநாடி ஓடச் செய்யப்பட்ட சின்னச் சாமான். பையில் ஓட்டை இருந்தால் அது ஓயாமல் ஓடும், சூடேறும், எரியும். கொம்பிறசர் எரிந்தது நோயின் அறிகுறி, நோய் பையில். காய்ச்சலுக்குப் பனடோல் கொடுத்துவிட்டுப் புண்ணைப் பார்க்காமல் விட்ட கதை.

இரண்டாவதாகப் போன கராஜில் ஒரு வயதான மெக்கானிக். அவர் செய்த முதல் வேலை, ஒரு போத்தலில் சோப்புத் தண்ணீர் கலந்து பைகளிலும் வால்வுகளிலும் குழாய் மூட்டுகளிலும் தெளித்ததுதான். இடப்பக்கப் பையின் மடிப்பில் நுரை பொங்கியது. வலப்பக்க வால்வின் அடியிலும் சின்னச் சின்னக் குமிழி. "இங்க பாருங்கோ மாஸ்ரர்" என்று என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார். ஐந்து நிமிட வேலை. அந்த ஐந்து நிமிடத்தை முதல் கராஜில் செலவழித்திருந்தால், கொம்பிறசரை மாற்றும் கையோடு இரண்டு பையையும் மாற்றியிருக்கலாம். புதுக் கொம்பிறசர் எரிந்திருக்காது, இந்தப் பதிவும் வந்திருக்காது.

பிறகு அவர் இரண்டு வழியையும் கடுதாசியில் எழுதிக் காட்டினார். இரண்டு பை, வால்வு வளையங்கள், திரும்பவும் ஒரு கொம்பிறசர், கூலி: 1,700 டொலருக்குக் கிட்ட. இரண்டு இரும்பு ஸ்பிறிங், இரண்டு புதுப் பின் ஷொக் அப்சோபர், கூலி: 780 டொலர். "பை போட்டா சொகுசு அப்பிடியே இருக்கும். ஆனா உயர உணரியும் குழாயும் பழசு. அடுத்தது எது போகுமெண்டு நான் வாக்குத் தரமாட்டன்" என்றார். இப்படி இரண்டையும் எழுதிக் காட்டுகிறவர் கிடைத்தால் விடாதீர்கள்.

வீட்டில் வாக்குவாதம். மகன் சொன்னார், "அப்பா, அது லிங்கன். இரும்பு ஸ்பிறிங் போட்டா காரின்ர தரமே போயிடும், விக்கேக்க விலையும் போகாது." எனக்குக் காரை விற்ற நண்பர் ஒருபடி மேலே போய், "அது காரைக் கொலை செய்யிற வேலை" என்றார். சில நாள் எனக்கும் மனம் ஒப்பவில்லை. சொகுசுக் காரை ராக்சி ஆக்குகிறேனோ என்ற கூச்சம்.

அந்தக் கூச்சத்தைப் போக்கியது ஒரு சின்ன வரலாறு. இங்கே ஒன்ராறியோவில், லண்டனுக்குப் பக்கத்தில் சென் தோமஸ் என்ற ஊர் இருக்கிறது. அங்கேதான் ஃபோர்ட் கம்பனியின் தொழிற்சாலை 1967இலிருந்து 2011 செப்டெம்பர் வரை இயங்கியது. பொலிஸ் காராகவும் ராக்சியாகவும் வட அமெரிக்கா முழுவதும் ஓடிய கிரவுண் விக்டோரியா அங்கேதான் செய்யப்பட்டது. கடைசி சில வருடங்களில் ரவுண்காரும் அங்கேதான். இரண்டுக்கும் அடிச்சட்டம் ஒரே குடும்பம், பின் அக்சிலும் ஒரே வகை. பொலிஸ் காருக்கும் ராக்சிக்கும் பின்னால் இரும்பு ஸ்பிறிங், ரவுண்காருக்குக் காற்றுப்பை. ஸ்பிறிங் உட்காரும் இடம் இரண்டுக்கும் ஒன்றே. அதாவது, இந்தக் காரை வடிவமைத்தவர்களே இரும்பு ஸ்பிறிங்கோடும் இது ஓடும் என்று கணக்குப் பார்த்து, இலட்சக்கணக்கில் செய்து வீதியில் விட்டிருக்கிறார்கள். நான் எதையும் வெட்டி ஒட்டவில்லை. தம்பி போட்டிருந்த சட்டையை அண்ணனுக்குப் போட்டேன், அவ்வளவுதான்.

இந்த மாற்றம் புதிதும் அல்ல. 1957இல் கடிலாக் எல்டொராடோ புறோம் என்ற மிக விலைகூடிய கார் நான்கு சில்லுக்கும் காற்றுச் சஸ்பென்ஷனோடு வந்தது. அடுத்த வருடம் அமெரிக்காவில் வேறு சில கார்களிலும் அதை விருப்பத் தெரிவாகக் கொடுத்தார்கள். காற்றுக் கசிந்து கரைச்சல் கொடுத்ததால், அந்தக் காலத்திலேயே பலர் அதைக் கழற்றிவிட்டு இரும்புச் சுருளுக்கு மாறினார்கள். அமெரிக்கக் கார்களில் அது சில வருடத்தில் மறைந்துபோனது. பிறகு 1984இல் லிங்கன் மார்க் செவன் காரில் மின்னணுக் கட்டுப்பாட்டோடு திரும்பி வந்தது. ஆக, காற்றிலிருந்து இரும்புக்குப் போகும் இந்தப் பாதையில் நமக்கு முன்னே ஒரு தலைமுறை நடந்துவிட்டது.

"அப்ப காற்றுச் சஸ்பென்ஷன் கூடாதோ?" என்று கேட்பீர்கள். அப்படிச் சொல்லமாட்டேன். ரொறொன்ரோவில் பஸ் ஏறுகிற வயதானவர்களைப் பாருங்கள். பஸ் நின்றவுடன் "உஸ்" என்று ஒரு சத்தம், பஸ் நமக்காக ஒரு பக்கம் குனியும். நாம் ஏறியபிறகு எழும்பும். அது காற்றுப்பையின் வேலைதான். எனக்கு அந்தச் சத்தம் கேட்டால் யாரோ "ஏறுங்கோ ஐயா" என்று சொல்வதுபோல இருக்கும். ஆனால் அந்தப் பஸ்ஸுக்கு ஒரு டிப்போ இருக்கிறது. பரிசோதிக்க ஆள் இருக்கிறது, உதிரிப்பாகம் இருக்கிறது, ஒன்று பழுதானால் வேறு பஸ் இருக்கிறது. என் வீட்டு வாசலில் அது எதுவும் இல்லை. ஒரு கார், ஒரு கிழவன், விடிய ஐந்தரை மணி. நுட்பம் நல்லதா கெட்டதா என்று தனியாகக் கேட்பதில் பொருள் இல்லை. அதைப் பராமரிக்க யார் இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துத்தான் கேட்கவேண்டும்.

இறுதியில் இரும்பு ஸ்பிறிங் போட்டோம். இனி நேர்மையாக நட்டத்தையும் சொல்லவேண்டும். மாற்றியவர்கள் பலர் இதைச் சொல்வதில்லை.

முதல் நட்டம், சொகுசு. பொலிஸ் காரின் ஸ்பிறிங் விறைப்பு என்பதால், சாதாரண கிரவுண் விக்டோரியாவின் மெதுவான ஸ்பிறிங்கைத்தான் போடச் சொன்னேன். அப்படியிருந்தும் வித்தியாசம் தெரிந்தது. பாலத்தின் மூட்டுகளில் "டொக், டொக்" என்று இரண்டு முறை தட்டும். இந்த விசயத்தில் நீதிபதி நான் அல்ல, பின் ஆசனத்தில் சாய்ந்து வருகிற மனைவி. முதல் நாள் டயலிசிஸ் முடிந்து வரும்போது ஒன்றும் கேட்காமல் ஓடினேன். வீட்டு வாசலில் இறங்கும்போது அவவாகவே சொன்னா: "முந்தி வள்ளம் மாதிரி இருந்தது. இப்ப கார் மாதிரி இருக்கு." கொஞ்ச நேரம் கழித்து, "பரவாயில்லை, வள்ளம் எனக்குச் சிலநேரம் தலையும் சுத்தினது" என்றா. எனக்கு அது போதும். கழுத்துக்கு ஒரு தலையணை கூடுதலாக வைத்தோம்.

இரண்டாவது நட்டம், மட்டம். முன்பு டிக்கியில் என்ன ஏற்றினாலும் கார் நேராக நிற்கும். இப்போது பின்னுக்கு மூன்று பேர் ஏறி, டிக்கியில் அரிசி மூட்டையும் சாமானும் வைத்தால் வால் பதியும். டேப் வைத்து அளந்தேன், கிட்டத்தட்ட நாலு சென்ரிமீற்றர். வால் பதிந்தால் முன்விளக்கு மேலே பார்க்கும், எதிரே வருகிறவரின் கண்ணில் அடிக்கும். வெறுங்காராக இருக்கும்போது முந்தியைவிட ஓர் அங்குலம் உயரமாக நிற்கிறது, அப்போது விளக்கு கீழே பார்க்கும். ஸ்பிறிங் மாற்றியவுடன் முன்விளக்கின் மட்டத்தைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். பலர் மறக்கும் வேலை இது.

அதனால் எல்லாரும் மாற்றுங்கள் என்று நான் சொல்லவில்லை. அடிக்கடி பின்னால் ட்ரெயிலர் இழுப்பவர்கள், ஒருநாள் வெறுமையாகவும் மறுநாள் நிறைந்த பாரத்தோடும் ஓடுகிறவர்கள் காற்றுப்பையோடு இருப்பதே நல்லது. புதிய சொகுசு வாகனங்கள் வேறு கதை. அவற்றில் காற்றுப்பையும் ஷொக் அப்சோபரும் ஒன்றாகவே இருக்கும், உயரத்தைக் கூட்டிக் குறைக்கும், மற்றக் கணினிகளோடும் பேசும். அதில் ஒன்றைப் பிடுங்கிவிட்டு இரும்பை வைப்பது என் காரில் செய்ததுபோல எளிய வேலை இல்லை. என் அனுபவத்தைக் காட்டி அதைச் செய்து மாட்டிக்கொள்ளவேண்டாம்.

கராஜுக்குப் போகமுன் நீங்களே செய்யக்கூடிய சிலவற்றைச் சொல்கிறேன்.

ஒன்று, இரவு காரை நிறுத்தியவுடன் பின் சில்லின் நடுவிலிருந்து மேல் விளிம்பு வரை இரண்டு பக்கமும் அளந்து எழுதுங்கள். விடிய எஞ்சினை இயக்கமுன் திரும்ப அளவுங்கள். எந்தப் பக்கம், எவ்வளவு பதிந்தது என்று ஒரு கிழமைக்கு எழுதினால், பாதி நோய் அந்தக் கடுதாசியிலேயே தெரியும்.

இரண்டு, சோப்புத் தண்ணீர் தெளித்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கசிவு வால்வு வளையத்தில் மட்டும் என்றால் அது சில டொலர் ரப்பர். அதை மாற்றி, கொம்பிறசர் நல்லாக இருந்தால், இரும்பு ஸ்பிறிங்கைப் பற்றி யோசிக்கவே தேவையில்லை.

மூன்று, பை வெடித்திருந்தால் ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள். மற்றதுக்கும் அதே வயதுதான்.

நான்கு, ரவுண்காரில் டிக்கிக்குள் இடப்பக்கம் காற்றுச் சஸ்பென்ஷனுக்கு ஒரு சுவிச் இருக்கிறது. ரயர் மாற்ற ஜாக் வைத்தாலும், இழுவை வண்டியில் ஏற்றினாலும், முதலில் அதை நிறுத்தவேண்டும். நிறுத்தாமல் காரைத் தூக்கினால், கார் உயர்ந்துவிட்டது என்று கணினி நினைத்துக் காற்றை வெளியே விடும். பை பிழையாக மடிந்து கெட்டுப்போகும். நல்ல பைகளை இப்படிக் கொன்றவர்கள் உண்டு.

ஐந்து, இரும்பு ஸ்பிறிங் மாற்றும் வேலையை வீட்டு வாசலில் நீங்களே செய்யப் பார்க்காதீர்கள். பைக்குள் அமுக்கம் இருக்கிறது. வால்வை முறைப்படி கொஞ்சம் திருப்பி, காற்று முழுவதும் போனபிறகுதான் கழற்றவேண்டும். அவசரப்பட்டால் வால்வு தெறித்து வரும். ஜாக்கில் மட்டும் நிற்கும் காருக்கு அடியில் யாரும் தலையை நீட்டவும் கூடாது.

ஆறு, மாற்றியபிறகு கொம்பிறசரின் இணைப்பைக் கழற்றச் சொல்லுங்கள். எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். அதை முறையாக அணைக்கும் சிறு கருவி விற்கிறார்கள். மாற்றாமலேயே விளக்கை மட்டும் மறைத்து, பதிந்த காரைப் பகலில் காற்றடித்து நிமிர்த்தி, வாங்க வருகிறவருக்குக் காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அது களவு. நான் இந்தக் காரை எப்போதாவது விற்றால், என்ன மாற்றினேன் என்று பில்லோடு சொல்லித்தான் விற்பேன். விலை குறைந்தால் குறையட்டும். இன்ஷூரன்ஸ்காரருக்கும் சொல்லிவைத்திருக்கிறேன்.

தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லாத காலம் பலருக்கு ஞாபகம் இருக்கும். மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ-40உம் மண்ணெண்ணெயில் ஓடின. கொம்பனி உதிரிப்பாகம் என்பது கனவு. ஸ்பிறிங் தகடு முறிந்தால் கொல்லன் பட்டறையில் வைத்துச் சரி செய்து கொடுப்பார்கள். அந்தக் கார்களில்தான் கர்ப்பிணிப் பெண்களையும் காயப்பட்டவர்களையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அந்தக் கார் சொகுசா என்று யாரும் கேட்கவில்லை. போய்ச் சேருமா என்றுதான் கேட்டோம். இங்கே வந்து வசதி கூடியபிறகு நானும் அந்தக் கேள்வியை மறந்திருந்தேன். ஒரு தை மாத விடியல் திரும்ப ஞாபகப்படுத்தியது.

இரும்பு ஸ்பிறிங் போட்டு இரண்டு வின்ரர் கழிந்துவிட்டது. ஒரு நாளும் கார் படுக்கவில்லை. ஒரு நாளும் அவவின் நேரம் பிந்தவில்லை. நான் கொடுத்த 780 டொலரில் வாங்கியது அதைத்தான். முதலில் வீணாக்கிய 640 டொலரில் வாங்கியது இந்தப் பாடத்தை: பழுதை முதலில் தேடு, பிறகு சாமானை வாங்கு.

மகனுக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை. போன மாதம் எங்களைக் கலியாண வீடு ஒன்றுக்கு ஏற்றிக்கொண்டு போகும்போது, ஒரு பள்ளத்தில் விழுந்தவுடன் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவரின் கட்சியிலும் நியாயம் இருக்கிறது.

இதில் நான் எழுதியது பிழை என்று அனுபவப்பட்ட மெக்கானிக்மார் யாராவது நினைத்தால் கீழே எழுதுங்கள், திருத்திக்கொள்கிறேன். கார் வைத்திருப்பவர்கள் இன்று இரவே அந்த டேப்பை எடுத்து அளந்து வையுங்கள். நாளைக்கு விடிய என்ன வித்தியாசம் என்று எனக்கும் சொல்லுங்கள்.